உலக்கை ஏன் நின்றது?

(ஊர்ப்புற நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பணி ஓய்வுக்குப் பின்னரும் நாள் தவறாமல் வந்து இங்குள்ள செய்தித்தாள்களை அடுக்கி வைக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய கையோடு மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்ட தலைமையாசிரியர் அவர்களே, வாடகை வாங்காமல் நாற்காலி தந்த பந்தல் கடைக்காரர் அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயரேனும் விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

சூரிய கிரகணத்தைப் பற்றிய நான்கு தவறான எண்ணங்களை நான் விளக்குவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள்: உலக்கை தானாக நிற்கும், சமைத்த உணவு நஞ்சாகும், கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது, எக்ஸ்ரே படம் வழியாகச் சூரியனைப் பார்க்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மேடைதோறும் சொல்லி வருபவன் நான். ஆகவே ஏட்டை மூடிவிட்டு உலக்கையிலிருந்து தொடங்குகிறேன்.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று புதுக்கோட்டைப் பக்கம் என் அத்தை வீட்டில் இருந்தேன். முற்றத்தில் பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, மஞ்சள் நீர் ஊற்றி, பூண் கட்டிய உலக்கையை நடுவில் நிறுத்தி அத்தை கையை எடுத்தார், நின்றது. தெருவே திரண்டு வந்து குலவையிட்டது. காலை ஒன்பதரை மணியளவில், வாழ்நாளில் ஓரிரு முறையே நம் தலைக்கு மேல் வாய்க்கக்கூடிய தங்க வளையம், அதாவது நிலவு மறைத்தது போக மிஞ்சிய சூரிய விளிம்பு, வானத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தபோது, அத்தனை பேரும் குனிந்து உலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நானுந்தான்.

மறுநாள் காலை யாருமில்லாத நேரத்தில் அதே உலக்கையை நிறுத்தினேன், நின்றது. "கிரகணத்தோட மிச்சம் இருக்கும்ப்பா" என்றார் அத்தை. சரி என்று பத்து நாள் பொறுத்தேன். தாம்பாளமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்று வெறும் சிமெண்டுத் தரையில் நிறுத்தினேன். மதியம்வரை நின்றது, பக்கத்து வீட்டு ஆடு வந்து உரசியபிறகுதான் விழுந்தது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்போ ஆட்டுக்குத்தான் கிரகணம் விட்டிருக்கு" என்றார்.

பூண் தேய்ந்து அடி தட்டையாகிவிட்ட உலக்கையின் எடைமையம் அந்த அடிப்பரப்புக்கு நேர் மேலே இருக்கும்வரை அது எந்த நாளிலும் நிற்கும். மற்ற நாள்களில் நாம் அதை நிறுத்திப் பார்ப்பதில்லை, சுவரில் சாத்திவிடுகிறோம், வேறுபாடு அவ்வளவுதான்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூரியனின் விட்டம் நிலவின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு. நமக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவும், நிலவின் தொலைவைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு. அதனால்தான் சிறிய நிலவு பெரிய சூரியனை மறைக்க முடிகிறது. மறைப்பு என்பது நிழல். நிழலில் புதிதாக நஞ்சு எதுவும் பிறப்பதில்லை. எக்ஸ்ரே படமோ ஆபத்தானது. அதன் வழியாகப் பார்த்தால் விழித்திரை புண்படும், அப்போது வலிகூடத் தெரியாது. கர்ப்பிணிகள் பற்றிய பகுதிக்கு நேரம் போதாது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நானும் பார்க்கிறேன்.

ஒருவரை மட்டும் நினைவுகூராமல் இறங்க மனமில்லை. சென்னை வான்நோக்கு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை, இன்றைய தெலங்கானாவில் உள்ள வனபர்த்திக்கே சென்று கண்டு பதிவு செய்தார். 1874இல் சூரியனின் குறுக்கே வெள்ளிக் கோள் கடக்கவிருந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்கி நம் நாட்டு மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

ஆனால் நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், நன்கொடையாக வந்த தொலைநோக்கி ஒன்று பட்டியலில் பதியப்பட்டு அலமாரிக்குள் பூட்டப்பட்டது. பொருள் பழுதானால் யார் பொறுப்பு என்ற அச்சத்தில், நான் ஓய்வு பெறும்வரை அதன் மூடியைக்கூட எவரும் கழற்றவில்லை. தொலைநோக்கி வில்லையின் (லென்ஸ்) படத்தை மட்டும் ஆண்டுதோறும் மாணவர்கள் வரைந்தார்கள். ஏட்டுச் சுரைக்காயை இதைவிட வேறெப்படிக் காட்டுவது?

2031 மே 21 அன்று, தமிழ்நாட்டில் தெரியவிருக்கும் அடுத்த வளைய கிரகணம் தேனி, மதுரை, காரைக்குடி வழியாகச் செல்கிறது. அது கோடை விடுமுறைக் காலம், பள்ளி பூட்டிக் கிடக்கும். அன்று பள்ளி மைதானத்தைத் திறந்துவிட வேண்டும், தரமான சூரிய வடிகட்டிக் கண்ணாடிகளை ஊராட்சியே வாங்கித் தர வேண்டும், இந்த நூலகத்துக்கு ஒரு சிறு தொலைநோக்கி வேண்டும், அதன் சாவி வாசகர் வட்டத்திடம் இருக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதி வந்திருக்கிறேன். வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்துக்கான இடத்தை ஊராட்சி மன்றத் தலைவருக்காக விட்டுவைத்திருக்கிறேன்.