உயில் சொல்லும் உறவுகள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரத்தைப் பிரித்தால் நம் கண் முதலில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்ற வரியில்தான் விழும். இங்கிலாந்தில் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு அந்த வசதி குறைவு. அங்கே தேவாலயப் பதிவேடுகள் 1538-இல் தொடங்கின. ஆனால் பழைய அடக்கக் குறிப்பு பல இடங்களில் ஒரு தேதியும் 'ஜான் ஸ்மித்' என்ற பெயரும் மட்டும்தான். ஊரில் மூன்று ஜான் ஸ்மித் இருந்தால் செத்தது எவர்? அதைச் சொல்வது உயில்.

உயில் எங்கே கிடைக்கும்? 1858 ஜனவரி 12 என்ற தேதியை மறக்காதீர்கள். அதற்குப் பிந்தைய உயில்களுக்கு அரசின் ஆண்டுப் பட்டியல் இருக்கிறது. பெயர், இறந்த நாள், இடம், உயிலை நிறைவேற்றியவர் எல்லாம் அதிலேயே உண்டு. ஒன்று மட்டும் கவனம்: அது இறந்த ஆண்டுப்படி அமைந்ததல்ல, உயிலை ஏற்று நிறைவேற்ற அனுமதி கிடைத்த ஆண்டுப்படி அமைந்தது. இறந்த ஆண்டில் பெயர் இல்லையென்றால் அடுத்த நாலைந்து ஆண்டுகளையும் பாருங்கள்.

1858-க்கு முன் உயிலுக்கு அனுமதி தந்தவை திருச்சபை நீதிமன்றங்கள். சொத்து ஒரு சிறிய வட்டாரத்துக்குள் அடங்கினால் ஆர்ச்டீக்கன் (ஆயருக்குக் கீழுள்ள திருச்சபை அதிகாரி) நீதிமன்றம், அதைத் தாண்டினால் ஆயர் நீதிமன்றம். இரண்டு மறைமாவட்டங்களில், அதாவது இரண்டு ஆயர்களின் ஆளுகைப் பகுதிகளில், ஐந்து பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் பேராயர் நீதிமன்றம். கேண்டர்பரி பேராயர் நீதிமன்றத்தின் உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், யார்க்கின் உயில்கள் யார்க் நகரத்திலும் இருக்கின்றன. கீழ் நீதிமன்றங்களின் உயில்கள் பெரும்பாலும் அந்தந்தக் கவுண்ட்டியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். கவுண்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. பலரும் கியூவின் பட்டியலை மட்டும் கணினியில் பார்த்துவிட்டு 'உயிலே இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். சாதாரண விவசாயியின் உயிலைக் கவுண்ட்டியில்தான் முதலில் தேட வேண்டும். 1653 முதல் 1660 வரை மட்டும் இது தலைகீழ். திருச்சபை நீதிமன்றங்கள் இயங்காததால் எல்லாமே லண்டனுக்குப் போயின.

சரி, உயில் கையில் வந்துவிட்டது. உறவுச் சொல்லை எப்படிப் படிப்பது? ஷேக்ஸ்பியரின் உயிலையே எடுத்துக்கொள்வோம். 1616-இல் எழுதியது. மூன்று தாள். கியூவில் இருக்கிறது. மனைவிக்கு 'இரண்டாந்தரக் கட்டில்' கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். வம்சாவளி தேடுகிறவர் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போக வேண்டும். அந்த உயிலில் மனைவியின் பெயரே கிடையாது! 'என் மனைவி' என்று மட்டும்தான் இருக்கிறது. ஆன் என்பது வேறு ஆவணங்களால் தெரிந்த பெயர். அடுத்தது, எலிசபெத் ஹால். மூத்த மகள் சூசன்னாவின் மகள், அதாவது சொந்தப் பேத்தி. உயில் அவளை 'நீஸ்' என்கிறது. இன்றைய பொருளில் படித்தால் உடன்பிறந்தாரின் மகள் ஆகிவிடுவாள், ஒரு தலைமுறையே இடம் மாறிவிடும். இன்னும் ஒன்று: தங்கை ஜோனின் மூன்று பிள்ளைகளுக்குப் பணம் எழுதுகிறார். வில்லியம், அப்புறம் ஒரு வெற்றிடம், அப்புறம் மைக்கேல். நடுப்பிள்ளையின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறது. அவன் தாமஸ் என்று அவர்கள் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் ஞானஸ்நானப் பதிவேடு சொல்கிறது.

உயிலை மட்டும் நம்பியிருந்தால் மனைவி பெயரில்லாதவள், பேத்தி தங்கை மகள், தங்கை மகன் ஒருவனைக் காணவில்லை. பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் யாருக்கு யார் வேண்டியவர் என்றே தெரிந்திருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

நமக்குச் சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. அந்த உயில்களில் 'கசின்' என்பது அண்ணன் மகனாகவும் இருக்கலாம். 'மருமகன்' என்று பொருள்படும் 'சன் இன் லா', மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த பிள்ளையாகவும் இருக்கலாம். மூத்த மகன் பெயரே இல்லையா? செத்துவிட்டான் என்று முடிவு கட்டாதீர்கள். நிலம் வழக்கப்படி அவனுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்திருக்கும், அதனால் எழுதத் தேவைப்பட்டிருக்காது.

கணவன் உள்ள பெண் தன் விருப்பப்படி உயில் எழுத, மணமான பெண்களின் சொத்துரிமை பற்றிய 1882 சட்டம் வரை பெரும்பாலும் வழியில்லை. ஆகையால் விதவைகளின் உயிலையும் மணமாகாத அத்தைகளின் உயிலையும் விடாமல் தேடுங்கள். குடும்பத்துக்கு அவற்றைவிட நல்ல சாட்சி இல்லை. தன் பிள்ளை இல்லாததால் அத்தை அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதிவைப்பாள்.

கையெழுத்து பற்றிச் சுருக்கமாக. புள்ளி இல்லாத நம் ஓலைச்சுவடியைப் படித்தவர்களுக்கு இது புரியும்: எழுத்தெழுத்தாகப் போராடாமல் திரும்பத் திரும்ப வரும் தொடக்க வாசகத்தைப் பழகிக்கொள்ளுங்கள். 'கடவுளின் பெயரால், ஆமென்' என்று பல உயில்கள் தொடங்கும். அந்தச் சொற்களில் தெரிந்துகொண்ட எழுத்து மற்ற வரிகளையும் திறந்துவிடும். தேதியில் ஒரு பொறி உண்டு. 1752-க்கு முன் அங்கே ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். அவர்களின் 1640 பிப்ரவரி நம் கணக்கில் 1641 பிப்ரவரி. 1640 பிப்ரவரியில் எழுதிய உயிலுக்கு 1641 ஏப்ரலில் அனுமதி கிடைத்தால் இடைவெளி பதினான்கு மாதம் அல்ல, இரண்டே மாதம்.

நேரம் நெருங்குகிறது, இரண்டு செய்திகளை ஓட்டமாகச் சொல்கிறேன். டெவன், சாமர்செட் கவுண்ட்டி உயில்கள் பெருமளவு 1942-இல் எக்ஸிட்டர் நகரத்தில் விழுந்த குண்டுகளால் எரிந்துபோயின. அந்தப் பக்கத்துக் குடும்பம் என்றால் வரித்துறைக்காக 1812 முதல் 1857 வரை எடுத்த நகல்களைக் கேளுங்கள், அவை பிழைத்தன. அடுத்தது நம் ஊர். சென்னையில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் உயில்களுக்கு 1726 சாசனப்படி அமைந்த மேயர் நீதிமன்றம் அனுமதி வழங்கியது. சென்னையில் பதிவான உயில்களின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றில் வீட்டுப் பணியாளர்களின் பெயர்களும் வருவதுண்டு, அதனால் இங்கிருந்து தேடுகிறவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. வணக்கம்.