வசனத்தைக் கடைசியில் கொடுங்கள்

(அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு என்னைப் பேச விட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை. விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். எதிரே நாலு பேர் தூங்கினால் கோபம் வராது.

என் தோல்வியில் இருந்தே தொடங்குகிறேன். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்கு நாடகம் பழக்கச் சொன்னார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். ராஜா, மந்திரி, புலவர், வாயிற்காவலன் என்று வழக்கமான அரண்மனை நாடகம். வசனத்தை நானே எழுதினேன். அவரவர் பங்கைத் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுத்து, மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். ஒரே வாரத்தில் எல்லோரும் பிசிறில்லாமல் ஒப்பித்தார்கள். எனக்கு ஏகப் பெருமை.

விழா அன்று மேடைக்கு நட்ட நடுவில் ஒரே ஒரு மைக். பேசுகிறவன் மைக்கிடம் வர வேண்டும், பேசியதும் ஒதுங்கி அடுத்தவனுக்கு வழிவிட வேண்டும். ரேஷன் கடை வரிசை மாதிரிதான். மூன்றாவது நிமிஷம் ராஜாவுக்கு வசனம் மறந்துபோனது. மந்திரிக்கு ராஜா சொல்லப்போகும் கடைசி வார்த்தை தெரியும், அதற்கு முன்னால் இருப்பது தெரியாது. புலவருக்குத் தன் பாட்டைத் தவிர எதுவும் தெரியாது. ஆறு பேரும் அப்படியே நிற்கிறார்கள். ஓரத்தில் இருந்து நான் 'சொல்லுடா' என்று பல்லைக் கடித்தது மைக்கில் ஊருக்கே கேட்டது.

அப்போது வாயிற்காவலன் முன்னால் வந்தான். நாடகம் முழுக்க அவனுக்கு ஒரே ஒரு வரிதான். "மகாராஜாவுக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. எல்லையில் என்ன நடந்தது என்று மந்திரியார் சொல்லட்டும்" என்று மந்திரி பக்கம் ஈட்டியை நீட்டினான். மந்திரி பிழைத்துக்கொண்டான், நாடகமும் பிழைத்தது. அந்த வரியை நான் எழுதவில்லை. பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது. ஒரே வரி என்பதால் ஒத்திகை நாளெல்லாம் அவனுக்கு வேறு வேலை கிடையாது. சும்மா நின்று மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். முழுக் கதையும் தெரிந்த ஒரே நடிகன் அவன்தான். மற்ற ஐந்து பேருக்கும் நான் கதையையே கொடுக்கவில்லை, தாளைத்தான் கொடுத்திருக்கிறேன்.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட பழக்கம் இது: வசனம் கடைசியில்தான். முதலில் காது, அப்புறம் உடம்பு, அப்புறம் குரல். எழுத்து வருவது அதற்கெல்லாம் பிறகு.

'அந்தக் காலத்தில் சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் மனப்பாடம் செய்துதானே பெரிய நடிகர்கள் வந்தார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற பாய்ஸ் கம்பெனியை நடத்தியபோது, அதில் நடிக்க வந்த, பின்னால் பெரிய நடிகரான அவ்வை சண்முகத்துக்கு ஆறு வயது. சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். பிள்ளைகள் அதை நெட்டுருப் போட்டார்கள், அடியும் பட்டார்கள். அதை நான் மறைக்கவில்லை, அந்த அடியைத் திரும்பக் கொண்டுவரவும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பையன்கள் கம்பெனியிலேயே சாப்பிட்டு, கம்பெனியிலேயே தூங்கினார்கள். தன் பங்கு மட்டும் இல்லை, பக்கத்தில் நடிப்பவனின் பாட்டும் வசனமும் தினமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மகரக்கட்டு உடைந்து, அதாவது வயது ஏறிக் குரல் தடித்து, ஒருவனுக்குப் பெண் வேஷம் போய்விட்டால், அடுத்தவன் அந்த இடத்தில் ஏறி நிற்க வேண்டும். மைக்கும் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் தொண்டையை நம்பினால் ஆகாது, அடிவயிற்றில் இருந்து மூச்சை எடுத்தாக வேண்டும். அவர்கள் கற்றது அந்தச் சூழலில் இருந்து. நாம் அதில் மனப்பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டோம்.

சரி, வகுப்பில் எப்படிச் செய்வது? உங்களிடம் இருப்பது நாற்பது நிமிஷம், நாற்பது பிள்ளைகள், நகர்த்த முடியாத பெஞ்சு. பெஞ்சு நகரவில்லை என்றால் மரத்தடிக்குப் போய்விடுங்கள்.

முதல் இரண்டு வாரம் வெறும் விளையாட்டுதான். பிள்ளைகள் நடக்கட்டும். ஒருவர் மேல் ஒருவர் இடிக்கக் கூடாது, யாரும் தலைவனும் இல்லை. ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். நீங்கள் கைதட்டக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் கவனித்தால்தான் இது நடக்கும். முதல் நாள் அமர்க்களமாக இருக்கும். நாலாவது நாள் நாற்பது பேரும் ஒரே மூச்சில் நிற்பார்கள், பார்க்கிற உங்களுக்கே சிலிர்க்கும். அப்புறம் கண்ணாடி விளையாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே, ஒருவர் அசைவதை மற்றவர் அப்படியே செய்ய வேண்டும். வேகமாகச் செய்து எதிராளியைத் தோற்கடிக்கப் பார்ப்பார்கள். 'இதில் எதிராளி தோற்றால் நீயும் தோற்றாய்' என்று சொல்லிவிடுங்கள்.

விளையாட்டு வழியாக நடிப்பைச் சொல்லித்தருவதை ஒரு முறையாகவே வளர்த்தவர் சிகாகோவைச் சேர்ந்த வயோலா ஸ்போலின். அவர் வேலை செய்தது பல நாடுகளில் இருந்து குடியேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகளோடு. ஆளுக்கொரு வீட்டு மொழி இருக்கிற இடத்தில் விளக்கம் சொல்லி என்ன பயன்? விளையாட்டு என்றால் விதி மட்டும் புரிந்தால் போதும். அந்தப் பயிற்சிகளை 1963இல் நூலாகவும் கொண்டுவந்தார். நம் வகுப்பிலும் கதை அதுதானே? வடமாநிலத் தொழிலாளியின் மகள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

இரண்டாவது கட்டம், சிலை. 'ஸ்டேச்சு' விளையாட்டு எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கதையைச் சொல்லி, அதை நாலே நாலு சிலையாக நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு பள்ளியில் பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொண்டோம். பாட்டியாக உட்கார்ந்த பெண்ணின் அம்மா நிஜமாகவே பேருந்து நிறுத்தத்தில் வடை போடுகிறவர். அந்தப் பிள்ளை மாவை உள்ளங்கையில் தட்டி, விரலால் ஓட்டை போட்டு, எண்ணெயில் வழுக்கி விட்டது. கையில் மாவும் இல்லை, எதிரே சட்டியும் இல்லை. எண்ணெய் தெறித்தபோது கையை வெடுக்கென்று இழுத்தது பாருங்கள், சுற்றி நின்ற நாங்களும் ஒரு அடி பின்னால் போனோம். மற்ற பிள்ளைகள் அன்று அவளிடம்தான் வடை சுடக் கற்றார்கள். கணக்கில் பத்து மார்க் தாண்டாத பிள்ளை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தோம்.

சிலைக்கு உயிர் கொடுத்த பிறகு பேச விடுங்கள், சொந்தப் பேச்சில். காக்கா வடையைத் தூக்கியதும் அந்தப் பாட்டி கேட்டாள்: "எண்ணெய் என்ன விலை விக்குது தெரியுமா உனக்கு?" இந்த வசனத்தை நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் எழுதியிருக்க மாட்டேன். வகுப்பில் வேகமாக எழுதுகிற ஒருவரை உட்காரவைத்து, நல்ல வரிகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாடகப் பிரதி தானே சேர்ந்துவிடும். தாங்களே பேசிய வரியை யாரும் மறப்பதில்லை. மறந்தாலும் வேறு வார்த்தையில் சொல்லிச் சமாளித்துவிடுவார்கள்.

கூச்சப்படுகிற பிள்ளையை என்ன செய்வது? எங்கள் ஊர்ப் பக்கத்துக் கூத்தில் இதற்கு வழி இருக்கிறது. வேஷக்காரர் ஒரு அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். தனியாகப் பேச வராத பிள்ளையை முதலில் பின்பாட்டில் நிறுத்துங்கள். பத்துக் குரலோடு பதினோராவது குரல், பயமே இருக்காது. வாயாடிப் பிள்ளைக்கும் அங்கேயே இடம் உண்டு. கூத்தை நடத்திக்கொண்டு போகிற கோமாளியான கட்டியங்காரன் ஆக்கிவிடுங்கள். வருகிறவர் யார் என்று விசாரிப்பான், ராஜாவைக் கிண்டல் செய்வான், கூட்டத்தோடு நேராகப் பேசுவான், இடையில் எது தடுமாறினாலும் சேர்த்துக் கட்டிவிடுவான். என்னுடைய அந்த வாயிற்காவலன் செய்ததும் இதே வேலைதான்.

நாடகத்தை முழுப் பாடமாகவே வைத்தால் என்ன என்று காலையில் ஒரு டீச்சர் கேட்டார்கள். இலங்கையில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே தமிழ்ப் பிள்ளைகள் 'நாடகமும் அரங்கியலும்' என்ற பாடத்தைச் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும், அதாவது நம் பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத்தேர்வு மாதிரியான தேர்வுகளில், எழுதலாம். யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நிறைய நாடகங்கள் எழுதினார், பல ஆசிரியர்களையும் உருவாக்கினார். எனக்குப் பொறாமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் கொஞ்சம் பயமும் உண்டு. பாடம் என்றால் தேர்வு, தேர்வு என்றால் நோட்ஸ். 'கண்ணாடி விளையாட்டின் பயன்கள் ஐந்து எழுதுக' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்றுதான் பயம்.

நம் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா என்று பிள்ளைகளுக்கான கலைப் போட்டி நடக்கிறது. நல்ல காரியம். கிராமத்துப் பிள்ளை மாவட்ட மேடை வரைக்கும் வருகிறது. ஆனால் போட்டி என்றதும் நம் கை தானாக நன்றாகப் பேசுகிற பத்துப் பேர் பக்கம் போகிறது. மீதி முப்பது பேர் கைதட்ட உட்காருகிறார்கள். போட்டிக்கு பத்துப் பேரை அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு பீரியடாவது நாற்பது பேருக்கும் கொடுங்கள். இருபது பேர் செய்யட்டும், இருபது பேர் பார்க்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். பார்த்தவர்களிடம் 'நல்லா இருந்துச்சா' என்று கேட்காதீர்கள். 'என்ன பார்த்தாய்' என்று கேளுங்கள்.

நான் பேசியது போதும். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், மேசை நாற்காலியை எல்லாம் ஓரமாகத் தள்ளுவோம். பக்கத்து அறையில் கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கிறதாம். யாராவது ஒருவர் போய், இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் சத்தம் வரும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.