லோகோ போட்டி வைக்கப் போறீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம். ஆன்லைன்ல லோகோ போட்டி வைக்கிறவங்களுக்கான வீடியோ இது. 99டிசைன்ஸ், டிசைன்க்ரவுட், ஃப்ரீலான்ஸர் மாதிரி தளங்கள்ல நீங்க ஒரு பரிசுத் தொகை சொல்வீங்க, பல டிசைனருங்க ஆளுக்கொண்ணு வரைஞ்சு அனுப்புவாங்க, பிடிச்சதுக்குப் பணம் போகும். நூறு டிசைன் வந்தா அதுல ஒண்ணாவது நல்லா இருக்கும்னு நம்பித்தான் நிறைய பேர் இறங்குறாங்க. ஆனா அந்த நூறும் உங்க ப்ரீஃபை, அதாவது என்ன வேணும்னு நீங்க எழுதிக் குடுக்குற குறிப்பைப் பார்த்து வர்றதுதான். ப்ரீஃப் மொட்டையா இருந்தா நூறும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

டிசைனர் பக்கம் இருந்து பாருங்க. ஜெயிக்கிற ஒருத்தருக்குத்தான் காசு, மத்தவங்க உழைப்பு வீண். அதனால நல்லா வேலை தெரிஞ்சவங்க எந்தப் போட்டியில நேரம் போடணும்னு யோசிச்சுத்தான் வருவாங்க. பரிசு உறுதின்னு (எப்படியும் ஒருத்தருக்குப் பணம் போகும்னு) போட்டிருக்கா, கிளையண்ட் பதில் சொல்றாரா, என்ன வேணும்னு தெளிவா எழுதியிருக்காரா, இந்த மூணையும் பார்ப்பாங்க. பரிசை உறுதி பண்ணிட்டா பணம் திரும்பக் கிடைக்காதுன்னு பயப்படுறது நியாயம்தான். ஆனா உங்க ப்ரீஃப் சரியா இருந்தா உறுதி பண்ணிடுங்க, வர்ற ஆளுங்களோட தரமே மாறும்.

ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை எடுத்துக்குவோம். ப்ரீஃப்ல "மாடர்னா, சிம்பிளா, யுனிக்கா வேணும்"னு எழுதாதீங்க, அதை வச்சு யாராலயும் வரைய முடியாது. யார் வாங்குறாங்கன்னு எழுதுங்க: பாக்கெட் எண்ணெய்ல இருந்து மாறுற குடும்பங்க, விலை கூடன்னாலும் கலப்படம் இல்லாம வேணும்னு வர்றவங்க. எங்கெல்லாம் லோகோ போகும்னு அளவோட எழுதுங்க: கடை போர்டு 12 அடிக்கு 4 அடி, ஒரு லிட்டர் பாட்டில் லேபிள், ரப்பர் ஸ்டாம்ப், பில், வாட்ஸ்அப் வட்டப் படம். அப்புறம், வேணாங்கிறதையும் சொல்லுங்க. செக்குன்னு சொன்னதும் எல்லாரும் செக்கு, மாடு, கடலை, ஒரு துளி, ரெண்டு இலை வரைவாங்க. அது வேணாம்னா முதல் நாளே சொல்லிடணும், நாலாவது நாள்ல இல்ல.

இப்ப தமிழ் எழுத்து. நம்ம ஊர் கிளையண்டுங்க அதிகமா அடிபடுறது இங்கதான். போட்டியில கலந்துக்கிறவங்கள்ல பாதிக்கு மேல தமிழே தெரியாதவங்களா இருக்கலாம். நீங்க அனுப்புன யூனிகோட் எழுத்தை (சாதாரணமா டைப் பண்ணுன எழுத்து) அவங்க அப்படியே எடுத்து இல்லஸ்ட்ரேட்டர்ங்கிற வரையுற சாஃப்ட்வேர்ல ஒட்டுவாங்க. அங்க இந்திய மொழிக்கான செட்டிங் ஆன்ல இல்லேன்னா கொம்பு இடம் மாறும். "செக்கு"ல ச-வுக்கு முன்னாடி நிக்க வேண்டிய கொம்பு பின்னாடி போய் உட்கார்ந்துடும். கொ, கோ மாதிரி எழுத்துல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிப் போகும். அவங்களுக்கு அது தப்புன்னே தெரியாது, அழகா நிறம் போட்டு அனுப்பிடுவாங்க.

அதனால பெயரை ரெண்டு விதமா குடுங்க: யூனிகோட் எழுத்தாவும், சரியா தெரியுற ஒரு படமாவும். "படத்துல இருக்குற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் வரணும்"னு ஒரு வரி சேருங்க. இல்லஸ்ட்ரேட்டர்ல ப்ரெஃபரன்ஸ் போய் டைப் பகுதியில இண்டிக் ஆப்ஷனை ஆன் பண்ணி, பாராகிராஃப் பேனல்ல சவுத் ஏஷியன் கம்போசரைத் தேர்ந்தெடுக்கணும்னும் எழுதிடுங்க. பழைய ஃபோட்டோஷாப்னா டைப் செட்டிங்ல வேர்ல்ட் ரெடி லேஅவுட். எழுத்துருவுக்கு கூகுள் ஃபான்ட்ஸ்ல இருக்குற கேட்டமரான், முக்த மலர், பாலு தம்பி மாதிரி சிலதைச் சொல்லலாம். திறந்த உரிமம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்.

சின்ன அளவுலயும் பார்க்கணும். "எண்ணெய்"ங்கிற வார்த்தையைப் பாருங்க. மூணுசுழி ண ரெண்டு, மேல புள்ளி ரெண்டு, கொம்பு ஒண்ணு. கம்ப்யூட்டர் திரையில பெருசா பார்க்கும்போது லட்சணமா இருக்கும். 58 மில்லிமீட்டர் பில் மெஷின்ல அச்சாகுற அகலம் சுமார் 48 மில்லிமீட்டர், மில்லிமீட்டருக்கு 8 அச்சுப் புள்ளின்னா மொத்தம் 384 அச்சுப் புள்ளிதான். அதுல பாதி அகலத்துக்கு லோகோ போட்டா, கடைப் பேர் முழுக்க 192 அச்சுப் புள்ளிக்குள்ள அடங்கணும். தடிமனான எழுத்துருவா இருந்தா ண-வோட சுழிக்குள்ள இருக்குற வெள்ளை அடைஞ்சு கறுப்புத் திட்டாயிடும், மெல்லிசா இருந்தா எழுத்து மேல இருக்குற புள்ளி காணாமப் போகும். புள்ளி போனா அது வேற எழுத்து. இன்னொண்ணு, அந்த மெஷினுக்கு சாம்பல் நிறமே கிடையாது. நிறம் கொஞ்சம் கொஞ்சமா மாறுற மாதிரி போட்டிருந்தா மணல் தூவுன மாதிரி வரும். அதனால இறுதிச் சுற்றுக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே நிறத்துல, வெறும் கறுப்புல ஒரு வடிவம் கேளுங்க. அதை 2 சென்டிமீட்டர் அகலத்துல பேப்பர்ல அச்செடுத்து, கை நீட்டுற தூரத்துல வச்சுப் படிச்சுப் பாருங்க.

கருத்து சொல்றதைத் தள்ளிப் போடாதீங்க. முதல் ரெண்டு நாள் நீங்க பேசுறதுதான் போட்டியோட திசை. "நல்லா இருக்கு, ஆனா ஏதோ குறையுது"ன்னு எழுதுனா அவங்க எதைத் திருத்துவாங்க? "எழுத்து பிடிச்சிருக்கு, மேல இருக்குற இலையை எடுத்துடுங்க, பச்சை ரொம்பக் கண்ணைப் பறிக்குது"ன்னு சொல்லுங்க. பிடிக்காததை அன்னைக்கே காரணத்தோட விலக்கிடுங்க, அவங்க நேரத்துக்கு நாம குடுக்குற குறைஞ்சபட்ச மரியாதை அது. ஒருத்தரோட ஐடியாவை எடுத்து இன்னொருத்தர்கிட்ட "இதே மாதிரி போடுங்க"ன்னு சொல்றது திருட்டு, தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

ஒண்ணைத் தேர்ந்தெடுத்த உடனே பணத்தை விடுவிக்காதீங்க. முதல்ல அந்தச் சின்னத்தை, படத்தை வச்சே தேடுற கூகுள் லென்ஸ்லயும் டின்ஐலயும் போட்டுத் தேடுங்க. ஷட்டர்ஸ்டாக் மாதிரி ரெடிமேட் படம் விக்குற தளத்துல எடுத்த படம்னா, அதை லோகோவாவோ ட்ரேட்மார்க்காவோ (பதிவு பண்ணுற வணிகச் சின்னம்) பயன்படுத்த அவங்க உரிமம் அனுமதிக்காது. அடுத்து ஃபைல்கள்: ஏஐ (இல்லஸ்ட்ரேட்டர் ஃபைல்) அல்லது இ.பி.எஸ், பி.டி.எஃப், எஸ்.வி.ஜி, பின்னணி இல்லாத பி.என்.ஜி. எழுத்து எல்லாம் அவுட்லைனா, அதாவது வெறும் வடிவமா மாத்தியிருக்கணும், இல்லேன்னா பிரிண்டிங் பிரஸ்ல திறக்கும்போது எழுத்துரு மாறிடும். பி.டி.எஃப்-ஐத் திறந்து முடிஞ்ச வரைக்கும் ஜூம் பண்ணுங்க. விளிம்பு படிக்கட்டு மாதிரி தெரிஞ்சா அது வெக்டர் (எவ்வளவு பெருசாக்குனாலும் உடையாத படம்) இல்ல, ஜேபெக்கை உள்ள ஒட்டி வச்சிருக்காங்க, 12 அடி போர்டுல போட்டா கலங்கிடும். அச்சுக்கு சி.எம்.ஒய்.கே எண்களையும் (அச்சுல சேர்க்குற நாலு மையோட அளவு) எழுதி வாங்கிக்குங்க. திரையில மின்னுற பச்சை ஃப்ளெக்ஸ்ல மங்கித்தான் வரும், எண் இல்லேன்னா ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு பச்சை.

உரிமை விஷயம் ரொம்ப முக்கியம். பணம் குடுத்தாலே லோகோ நமக்குச் சொந்தம்னு நினைக்கிறோம். 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, உங்ககிட்ட வேலை பார்க்காத ஒருத்தர் வரைஞ்சா முதல் உரிமையாளர் அவர்தான். பிரிவு 19 படி எழுத்துல, கையெழுத்தோட அது உங்களுக்கு மாறணும். எத்தனை வருஷம்னு எழுதலேன்னா 5 வருஷம்தான்னு கணக்கு, எந்த இடம்னு எழுதலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். ஒரு வருஷத்துக்குள்ள நீங்க பயன்படுத்தலேன்னா, வேற மாதிரி எழுதியிருந்தாலொழிய அந்த உரிமையே காலாவதி. தளத்தோட ஒப்பந்தத்துல "உலகம் முழுக்க, பதிப்புரிமை இருக்குற காலம் முழுக்க"ன்னு இருக்கான்னு படிச்சுப் பாருங்க, இல்லேன்னா டிசைனர்கிட்ட தனியா ஒரு பக்கம் எழுதி வாங்குங்க. நகலை டவுன்லோட் பண்ணி பத்திரமா வைங்க.

ட்ரேட்மார்க் தேடலை மட்டும் போட்டி அறிவிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. ஐபி இந்தியாங்கிற அரசுத் தளத்துல இலவசமாத் தேடலாம். ட்ரேட்மார்க்குக்குப் பொருளையும் சேவையையும் வகுப்பு வகுப்பா பிரிச்சிருக்காங்க: சமையல் எண்ணெய் 29-ம் வகுப்பு, கடை வியாபாரம் 35. "மரச்செக்கு எண்ணெய்"ங்கிறது பொருளோட பேரு, அதை யாரும் தனக்கு மட்டும்னு எடுத்துக்க முடியாது, உங்களுக்குன்னு தனிப் பேரு வேணும். ஆன்லைன்ல விண்ணப்பிச்சா தனிநபர், சிறு நிறுவனத்துக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மத்தவங்களுக்கு 9,000. விண்ணப்பத்துல எந்த வடிவத்தை இணைக்கிறதுன்னா, முன்ன கேட்டு வாங்குனோமே அந்தக் கறுப்பு வெள்ளை வடிவம், அதையே வைங்க. நிறம்னு குறிப்பிடாம பதிவு பண்ணா எல்லா நிறத்துக்கும் பதிவானதாத்தான் எடுத்துப்பாங்க. நாளைக்குப் பச்சையை மாத்தி மஞ்சள் ஆக்குனாலும் பதிவு நிக்கும்.