கண்ணும் கையும் பேசுவது ஊருக்கொரு மொழியே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘உடல்மொழி உலகப் பொதுமொழியா, ஊருக்கொரு மொழியா?’ இதுதான் இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர், அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று தொடங்கினார். கைக்குழந்தையின் சிரிப்புக்கு அகராதி எதற்கு என்று கேட்டார். மொழி தெரியாத நாட்டிலும் கையும் கண்ணும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று முடித்தார். குழந்தையின் சிரிப்பை நானும் மறுக்க மாட்டேன். பிழைத்துக்கொள்ளலாம் என்றாரே, அங்கேதான் எனக்கு வழக்கு இருக்கிறது.

பல்கேரியாவில் ஒருவரிடம் ‘இந்த பஸ் ரயில் நிலையத்துக்குப் போகுமா?’ என்று கேட்கிறீர்கள். அவர் தலையை மேலும் கீழும் அசைக்கிறார். நீங்கள் ஏறிவிடுகிறீர்கள். அவர் சொன்னதோ ‘போகாது’. அந்த நாட்டு வழக்கில் பக்கவாட்டில் அசைத்தால்தான் ‘ஆம்’. வெளிநாட்டவருக்குப் புரியட்டுமே என்று சிலர் தம் வழக்கை மாற்றி அசைப்பதும் உண்டு. அப்போது எந்த வழக்கில் பதில் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மட்டும் நீட்டுங்கள். ஜெர்மானியர் கட்டைவிரலில் எண்ணத் தொடங்குவதால் அவருக்கு அது இரண்டு. சீனருக்கு அதுவே எட்டு. அந்த இரு விரல்களின் நுனியைச் சேர்த்து வளையமாக்கினால், அமெரிக்கர் ‘எல்லாம் சரி’ என்று எடுத்துக்கொள்வார். பிரான்சில் அது பூஜ்யம், ஜப்பானில் பணம், பிரேசிலில் காது கூசும் வசவு. 1992 ஜனவரியில் ஆஸ்திரேலியா சென்ற அமெரிக்க அதிபர், மூத்த ஜார்ஜ் புஷ், காரிலிருந்தபடி கூட்டத்துக்கு இரண்டு விரல்களை விரித்துக் காட்டினார். அன்போடுதான் காட்டினார். புறங்கை வெளியே தெரியும்படி காட்டியதால், அந்த மண்ணின் வழக்கில் அது வசைச் சைகையாகிவிட்டது. ஓர் அதிபரைச் சுற்றி எத்தனை ஆலோசகர்கள் இருப்பார்கள்! பேசப்போகும் ஒவ்வொரு சொல்லையும் சரிபார்ப்பார்கள். உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மனைத் துணைக்கு அழைத்தார். 1960களின் பிற்பகுதியில் பாப்புவா நியூ கினியாவின் மலைநாட்டில், வெளியுலகத் தொடர்பு மிகக் குறைவாக இருந்த ஃபோரே மக்களிடம் முகப் படங்களைக் காட்டி, அடிப்படை உணர்ச்சிகள் எங்கும் ஒன்றே என்று எக்மன் முடிவு கண்டார். பெரிய உழைப்பு, வணங்குகிறேன். ஆனால் ஒரு சிறுகதையைச் சொல்லி, சில படங்களுக்குள் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன ஆய்வு அது. அதே நாட்டின் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் கார்லோஸ் கிரிவெல்லியும் உடனிருந்தோரும் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. விழி விரிந்து வாய் பிளந்த முகம், நமக்கெல்லாம் அச்சம் என்று கற்பிக்கப்பட்ட முகம், அத்தீவின் இளையோருக்கு ‘மிரட்டுகிறான்’ என்று பொருள்பட்டது. பயந்தவனின் முகத்தையும் பயமுறுத்துபவனின் முகத்தையும் இரண்டு சமூகங்கள் மாற்றிப் படிக்குமானால், பொதுமொழி என்று எதைச் சொல்வது?

காது கேளாதோர் உலகெங்கும் ஒரே மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்றும் அந்தப் பேச்சாளர் சொன்னார். மனம் வலித்தது. சைகை மொழிகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென இலக்கணம் கொண்ட முழு மொழி. ஆங்கில எழுத்துகளை பிரிட்டனில் இரண்டு கைகளால் காட்டுகிறார்கள், அமெரிக்காவில் ஒற்றைக் கையால். 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் காது கேளாதோருக்கான பள்ளி தொடங்கியபோது பாரிஸிலிருந்து வந்து கற்பித்தவர் லோரன் கிளேர். அதனால் அமெரிக்கச் சைகை மொழிக்கு பிரெஞ்சுச் சைகை மொழிதான் உறவு, பிரிட்டனுடையது அந்நியம். கைக்கும் தாய்மொழி உண்டு, நடுவர் அவர்களே.

இனி நான் கண்ட ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், அயல்நாட்டில் ஒரு பள்ளியில், புதிதாகக் குடியேறிய குடும்பத்துக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். ஒன்பது வயதுச் சிறுமி. வகுப்பில் யாரோ ஒருவருடைய பென்சில் பெட்டி காணவில்லை. ஆசிரியை அன்பானவர்தான்; குழந்தையின் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்து, ‘என் கண்ணைப் பார்த்துச் சொல், நீ எடுத்தாயா?’ என்று கேட்டார். சிறுமி ‘இல்லை’ என்றாள். கண்கள் தரையிலேயே இருந்தன. ‘என்னைப் பார்’ என்று அவர் சொல்லச் சொல்ல, தலை இன்னும் தாழ்ந்தது. பெருவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஆசிரியை எழுந்து குறிப்பேட்டில் எழுதினார்: ‘கண்ணைப் பார்க்க மறுக்கிறாள்.’

ஏன் பார்க்கவில்லை என்று அவள் மொழியில் கேட்டேன். ‘பெரியவர்கள் கோபமாக இருக்கும்போது நேராகப் பார்ப்பது மரியாதை இல்லை என்று பாட்டி சொல்லியிருக்கிறார்’ என்றாள். அதை நான் மொழிபெயர்த்தபோது ஆசிரியையின் பேனா அப்படியே நின்றது. நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

பெட்டியை எடுத்தது யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் எடுக்கவில்லை என்று வாதிடவும் நான் வரவில்லை. தெரியாத மொழியில் ஒருவர் பேசினால், புரியவில்லை என்றாவது நமக்குத் தெரிகிறது. நின்று கேட்கிறோம், ஆள் அனுப்பி அழைக்கிறோம். உடம்பு பேசினால் மட்டும் புரிந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தப் பள்ளி அவள் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளரை அழைத்தது. அவள் கண்ணுக்கு அழைக்கவில்லை. கண்ணுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்று அவர்களை நம்பவைத்தது, எதிரணி இந்த மேடையில் முழங்கிய அதே வாசகம்தான்.

கண்ணின் மொழி எல்லோருக்கும் பொது என்றால், அன்று அந்தக் குறிப்பேட்டில் எழுதப்பட்டது எந்த மொழியின் வாசிப்பு? இதற்கு எதிரணியிலிருந்து விடை வரட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.