உழவு சாலைக் குறுக்கே போடுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். குப்பத்துக்குப் பக்கத்தில், ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்றும் சேரும் மூலையில், எனக்கு நாலு ஏக்கர் மேட்டு நிலம். செம்மண், மானாவாரி. உரம், பூச்சி என்று ஆரம்பிப்பேன் என நினைத்திருப்பீர்கள். நான் உழவு சாலில், அதாவது ஏர் கீறிப்போகும் பள்ளக் கோட்டில், ஆரம்பிக்கிறேன்.

எங்கள் அப்பா மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஏர் ஓட்டுவார். நிலம் அந்தப் பக்கமாக நீளம். மாட்டை அதிகம் திருப்ப வேண்டாம். ஒரு வருஷம் கடலைக்காய் முளைத்துப் பத்து நாள் இருக்கும், ராத்திரி நல்ல மழை. காலையில் பார்த்தால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். கீழ் நிலம் என் தாய்மாமனுடையது. வரப்பில் நின்றுகொண்டு, "மச்சான், மண்ணு வந்து சேர்ந்துச்சு, செடியையும் கூடவே அனுப்பிட்டியே" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருஷம் மாமா நிலத்தில் அந்த ஓரம் மட்டும் கரும்பச்சையாக நின்றது!

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் கண்ணுக்குத் தெரியாது. எடை போட்டால் ஏறக்குறைய 5 டன். 50 கிலோ மூட்டையாகக் கட்டினால் 100 மூட்டை. அதுவும் மேல்மண், நாம் அடித்த எருவெல்லாம் அதில்தான்.

அதன்பிறகு அப்பா குறுக்கேதான் உழுதார். குறுக்குச் சால் ஒவ்வொன்றும் ஒரு குட்டி வரப்பு, தண்ணீர் நின்று இறங்கும். இப்போது டிராக்டர், மணிக்கணக்கில் வாடகை. குறுக்கே ஓட்டு என்றால் டிரைவர் தம்பி, "திருப்பம் ஜாஸ்திண்ணா, அரைமணி கூடும்" என்பார். கூடட்டும். எது குறுக்கு என்று சந்தேகமா? மழை பெய்யும்போது குடையோடு போய் நில்லுங்கள். தண்ணீர் ஓடும் வழிக்குக் குறுக்கே. திரும்பவும் சொல்கிறேன், குறுக்கே.

அப்புறம், அறுவடையில் கடலைக்காய் வேரோடு வந்துவிடுகிறது, கொடி மாட்டுக்குப் போய்விடுகிறது, நிலம் மொட்டை. ஏழு சால் கடலைக்கு ஒரு சால் துவரை போடுங்கள். கர்நாடகப் பக்கம் இதை அக்கடி சால் என்பார்கள். கடலை பிடுங்கிய பிறகும் துவரை நிற்கும், இலை உதிர்க்கும்.

மழைக்கு முன்பே நவதானியம் விதைப்பதைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். 2016-ல் ஆந்திராவில் தொடங்கிய இயற்கை விவசாயத் திட்டத்தில் இதைச் செய்கிறார்கள். விதையைக் களிமண், சாம்பலில் புரட்டிக் காய்ந்த நிலத்திலேயே... கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். சரி, மூடாக்கு, அதாவது மண்ணை மூட இலை தழை, போட மறக்காதீர்கள். வணக்கம்.