அரசனை யார் கொல்வது?

நேயர்களுக்கு வணக்கம். சீரியல் பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை எல்லாரும் அழுதுகொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை திரையில் 'இருபது ஆண்டுகளுக்குப் பிறகு' என்று ஒரு கார்டு போடுவார்கள். பாதிப் பேர் செத்திருப்பார்கள், நாயகிக்குக் கல்யாண வயதில் மகள் இருப்பாள். நாமும் இரண்டு நாள் திட்டிவிட்டு மூன்றாம் நாள் பார்க்க உட்கார்ந்துவிடுவோம். நான் இன்று பேசப்போகிற உலகங்களிலும் இப்படிக் கார்டு போடுவார்கள். அங்கே நாயகி நீங்கள்தான் என்பதுதான் சிக்கல்.

மேசையில் உட்கார்ந்து ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டங்களைப் பற்றிச் சொல்கிறேன். ஆடாதவர்களுக்காக ஒரு நிமிடம். ஒரு மேசை, நாலைந்து பேர், கொஞ்சம் பகடைகள். ஒருவர் கதையை நடத்துவார், அவரை டி.எம். என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். "முன்னால் பாழடைந்த கோட்டை, கதவு திறந்து கிடக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று டி.எம். கேட்பார். நீங்கள் சொல்வீர்கள். முடியுமா முடியாதா என்று பகடை சொல்லும். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்கெல்லாம் மூத்தது.

கதை நடக்க ஓர் உலகம் வேண்டுமே. அதைச் செட்டிங் என்பார்கள். வரைபடம், அரசர்கள், தெய்வங்கள், எந்த ஊரில் என்ன தகராறு, இப்போது எந்த ஆண்டு, எல்லாம் புத்தகமாக வரும். வாங்கிக்கொண்டு போன பிறகு அது அந்த மேசையின் சொத்து. அங்கே ஓர் அரசனைக் கொன்றால் அந்த மேசையில் அவன் செத்தவன்தான். ஆனால் நிறுவனம் சும்மா இருக்குமா? சில வருடங்களுக்கு ஒருமுறை விதிகளை மாற்றிப் புதுப் பதிப்பு போடும். விதி மாறினால் உலகமும் மாற வேண்டும் என்று யாரோ முடிவு செய்வார்கள்.

1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது நடந்ததைக் கேளுங்கள். முதல் பதிப்பில் அசாசின் என்று ஒரு கேரக்டர் வகை இருந்தது, கூலிக்குக் கொலை செய்கிறவன். புதிய விதிகளில் அவனை எடுத்துவிட்டார்கள். சரி, எடுத்தால் எடுத்ததுதான், பேசாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற உலகத்தில் தெய்வங்களெல்லாம் மண்ணில் தள்ளப்படுகிற பெருங்குழப்பம் ஒன்றை எழுதினார்கள். அந்தக் குழப்பத்தில் கொடுங்கோன்மைக்கான தெய்வம் தன் பலத்துக்காக அந்த உலகத்து அசாசின்கள் அத்தனை பேர் உயிரையும் உறிஞ்சிவிட்டதாம்! புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்ததற்கு உலகத்தில் ஒரு தொழிலே பூண்டோடு போய்விட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

அதே ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், எட் கிரீன்வுட் என்ற கனடாக்காரர் சிறுவயதிலிருந்தே கதைகளுக்காகக் கட்டிய உலகம். நூலகத்தில் வேலை பார்த்தவர். 1987-ல், அப்போது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டுவந்த டி.எஸ்.ஆர். நிறுவனம், அதைப் புத்தகங்களும் வரைபடங்களும் அடங்கிய பெட்டியாக வெளியிட்டது. 2008-ல், நான்காம் பதிப்புக்காக, மந்திரத்துக்கான தேவி மிஸ்ட்ராவைக் கொன்றார்கள். மந்திரம் தறிகெட்டு ஓடியது, நாடுகள் அழிந்தன, அப்புறம் நாட்காட்டி ஏறக்குறைய நூறு வருடம் தாண்டியது. கார்டு போட்டுவிட்டார்கள். நம் மேசையில் ஆடிக்கொண்டிருந்த மனிதக் கேரக்டர்கள் எல்லாம் கிழடாகிச் செத்தாயிற்று. அவர்களுக்குத் தெரிந்த சத்திரக்காரன், கடன் கொடுத்தவன், பகை வைத்தவன் ஒருவனும் இல்லை. 2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது மிஸ்ட்ராவையும், போன இடங்களில் பலவற்றையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆறே வருடம்.

சரி, எனக்குப் பிடித்த உலகத்துக்கு வருகிறேன். டார்க் சன். 1991. திமதி பிரவுன், டிராய் டென்னிங் எழுத, பிராம் என்ற ஓவியர் படம் போட்டார். அந்த ஓவியங்களைப் பார்த்தாலே நாக்கு வறளும். அதாஸ் என்ற உலகம், பெரும்பகுதி பாலைவனம். ஏன் பாலைவனம் என்றால், அங்கே மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடியின் உயிரை அது உறிஞ்சும், மண் சாம்பலாகும். ஆயிரக்கணக்கான வருடம் இப்படியே போட்டுப் போட்டு உலகம் காய்ந்துவிட்டது. இரும்பு கிடையாது, அல்லது மிக அரிது. எலும்பிலும் கல்லிலும்தான் ஆயுதம். சுட்ட மண்ணில் காசு. தெய்வங்கள் இல்லை. ஏழு நகரங்கள், அவற்றை ஆளும் மந்திரவாதி அரசர்கள். கேரக்டர்கள் சாவது அவ்வளவு சகஜம் என்பதால், ஆளுக்கு நாலு கேரக்டர் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னது அந்தப் பெட்டி.

ஆடுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? தலைக்கு மேல் கொடுங்கோலன், கையில் எலும்புக் கத்தி. ஆனால் அதே வருடம் டிராய் டென்னிங் எழுதிய நாவல் வரிசையும் தொடங்கியது. முதல் நாவலிலேயே டீர் நகரத்து அரசன் காலாக் கொல்லப்பட்டான். ஐந்தாவது நாவல் முடிவதற்குள் இன்னும் சில அரசர்கள் போனார்கள், அந்த உலகத்தையே நடுங்கவைத்த டிராகனும் போயிற்று. எல்லாவற்றையும் செய்தது நாவலின் நாயகர்கள். 1995-ல் திருத்திய பெட்டி வந்தபோது இதெல்லாம் நடந்து முடிந்த வரலாறு. மறுவருடம் டார்க் சன் வெளியீடுகளையே நிறுத்திவிட்டார்கள்.

டார்க் சனில் ஆடுவதற்கென்று வந்த முதல் சாகசப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்கள் டீர் நகரில் அடிமைகள். காலாக் கட்டும் பெரிய கோபுரத்துக்கு வேலை செய்கிறார்கள், சவுக்கடி வாங்குகிறார்கள், திட்டம் போடுகிறார்கள். கடைசியில் அரங்கத்தில் அரசன் மேல் ஈட்டி பாய்கிறது. எறிவது நாவலின் நாயகன்! நம் ஆட்கள் கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பி ஓட வேண்டும். நான் இதை நடத்தியபோது மேசையில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, அப்ப நாங்க எதுக்கு வந்தோம்?" எனக்குப் பதில் இல்லை. ஈட்டியை அவன் கேரக்டர் கையில் கொடுத்துவிட்டேன். அவன் எறிந்தான், குறி தவறியது, பக்கத்தில் இருந்தவள் எடுத்து எறிந்தாள். அன்று இரவு யாரும் வீட்டுக்குப் போகவே இல்லை.

அதனால்தான் 2010-ல் வந்த டார்க் சன் எனக்கு இவ்வளவு பிடிக்கும். ரிச்சர்ட் பேக்கர், ராபர்ட் ஷ்வால்ப், ராட்னி தாம்சன் செய்தது. அவர்கள் நாட்காட்டியை முன்னால் தள்ளவில்லை, பின்னால் இழுத்தார்கள். காலாக் இப்போதுதான் செத்திருக்கிறான். டீர் இப்போதுதான் விடுதலை அடைந்திருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. மற்ற அரசர்கள் உயிரோடு இருக்கிறார்கள், டிராகனும் இருக்கிறது. பிந்தைய நாவல்களில் நடந்தவை இனிமேல் நடந்தாலும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். மறுபடி சொல்கிறேன், ரேடியோவில் பக்கம் திருப்பிப் பார்க்க முடியாது: பழைய உலகத்தைப் புதுப்பிக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது, வாங்குகிறவனுக்குச் செய்ய என்ன மிச்சம் வைத்திருக்கிறோம் என்று. புதிதாக எதை அழிக்கலாம் என்ற கேள்வி அப்புறம் வரட்டும். நூறு வருட வரலாறு எழுதுவது எழுத்தாளருக்குச் சுகம். படித்துவிட்டு ஆட வருகிறவனுக்கு அது வீட்டுப்பாடம்.

கிரேஹாக் உலகத்திலும் இதுவே நடந்தது. தொண்ணூறுகளில் பெரிய போர் ஒன்றை எழுதி வரைபடத்தையே கலைத்தார்கள். 2024-ல் வந்த டி.எம். கையேடு அதைத் தாண்டிப் பின்னால் போய், 1983 பெட்டியில் இருந்த அதே ஆண்டில், அந்த உலகத்து நாட்காட்டியின் 576-ஆம் ஆண்டில், தொடங்குகிறது. போர் இன்னும் வரவில்லை. வருமா என்பது உங்கள் மேசையின் பாடு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ரேவன்லாஃப்ட் பற்றிப் பாதி நேரம் பேச வேண்டும் என்று நினைத்து வந்தேன். பேய்க்கதை உலகம், 1983-ல் டிரேசி, லாரா ஹிக்மன் தம்பதி எழுதிய ஒரு கோட்டைச் சாகசத்தில் தொடங்கியது. அதில் விஸ்டானி என்ற நாடோடிகள் வருவார்கள். ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய பழைய அவதூறுகளை அப்படியே தூக்கி அவர்கள் மேல் போட்டிருந்தார்கள். 2021 புத்தகத்தில் அதைத் திருத்தினார்கள், நாடுகளையும் மூடுபனியில் தனித்தனியாக மிதக்கவிட்டார்கள். அங்கே நாட்காட்டியைத் தொடவே இல்லை, இப்படித்தான் எப்போதும் இருந்தது என்பது போல எழுதிவிட்டார்கள். அந்த வழி சரியா என்பதில் எனக்கும் என் மேசைக்கும் இன்னும் சண்டை நடக்கிறது. ஆனால் சிவப்பு விளக்கு எரிகிறது. வணக்கம்.