சைவ மீன் குழம்பும் எங்கள் வீட்டுப் பந்தியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு சமையற்கட்டு வைத்திருக்கிறேன். மண்ணடி, முத்தியால்பேட்டை பக்கத்துக் கடைகளுக்கு அங்கிருந்து மதியச் சாப்பாடு போகிறது. முழுக்கச் சைவம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டியல் மாறும். சைவ மீன் குழம்பு, சைவ ஈரல் வறுவல், மீல்மேக்கர் பிரியாணி. வாரம் தவறாமல் யாராவது ஒருவர் போனில் கேட்டுவிடுவார்: "ஏம்மா, கறி மீனெல்லாம் வேணாம்னு விட்டாச்சு. அப்புறம் அதே மாதிரி ஒண்ணு செஞ்சு எதுக்குச் சாப்பிடணும்?" அசைவம் சாப்பிடுகிறவர்களும் கேட்கிறார்கள், பிறந்ததிலிருந்து சைவமாக இருப்பவர்களும் கேட்கிறார்கள். போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இன்று இங்கே பேச வந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது காசிமேடு. நைனா விசைப்படகில் கடலுக்குப் போவார். அம்மா விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்றார். பதினாறு வயதில் ஒரு நாள், வாசலில் உட்கார்ந்து நண்டு கழுவிக்கொண்டிருந்தேன். நண்டை உயிரோடுதான் வாங்கிவருவோம். ஒரு காலை உடைத்துச் சட்டியில் போட்டேன். உடைந்த கால் சட்டிக்குள் அசைந்தது. அதற்கு முன்னால் நூறு தடவை பார்த்திருப்பேன். அன்றைக்கு மட்டும் என்னால் அடுத்த காலை உடைக்க முடியவில்லை. யாரும் எனக்குப் போதிக்கவில்லை. எந்தச் சாமிக்கும் நான் வேண்டிக்கொள்ளவில்லை. அதோடு நின்றுபோனது.

அம்மா ஆயாவிடம் சொல்லி அழுதார். "மீனு வித்த காசுல வளந்த பொண்ணு மீனு வேணாம்ன்றா. இன்னான்னு சொல்றது?" தான் செய்கிற தொழிலைப் பாவம் என்று மகள் சொல்கிறாள் என்றுதான் அவருக்குப் பட்டது. இல்லை என்று புரியவைக்க எனக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. நம் ஊரில் சைவம் என்ற சொல்லோடு சாதிப் பெருமையும் ஒட்டிக்கொண்டே வருகிறது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் தெரியும், சில இடங்களில் முதல் கேள்வியே அதுதான். என் அம்மாவின் கூடையைக் கீழாகப் பார்க்கிற எந்தச் சைவமும் எனக்கு வேண்டாம். இதை அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

நண்டைக் கொல்ல முடியாமல் போயிற்று. ஆனால் மீன் குழம்பின் மேல் இருந்த ஆசை ஒரு நாளும் போகவில்லை. மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்து, வெந்தயம் சிவந்து, புளியும் மிளகாய்த்தூளும் கொதிக்கும்போது கீறிப் போட்ட மாங்காய் குழைந்து வருமே, அந்த வாசனை தெருமுனை வரைக்கும் வரும். ஞாயிறு மதியம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிடுவேன். சோறு தொண்டையில் இறங்காது. நான் இழந்தது மீனை மட்டுமா என்று அப்போது யோசித்திருக்கிறேன். பந்தியில் எனக்கு இருந்த இடமே போய்விட்டது போல இருந்தது.

வழி கண்டுபிடித்தவர் ஆயா. அவருக்கு அது புதிதில்லை. கிழக்குக் கடற்கரையில் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகக்கூடாது. என் சின்ன வயதில் அது 45 நாள். தடைக்காலத்திலும், புயல் என்று படகுகள் கரையிலேயே நிற்கிற வாரங்களிலும் கையில் காசும் இருக்காது, மீனும் இருக்காது. அப்போது ஆயா வாழைக்காயை லேசாகத் தோல் சீவி, வஞ்சிரத் துண்டு போலச் சாய்வாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் தடவித் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் திருப்பி எடுப்பார். குழம்பு கொதித்து எண்ணெய் மேலே மிதந்த பிறகுதான் துண்டுகளை உள்ளே விடுவார். முன்னாலேயே போட்டால் கரைந்துவிடும். கடலையே நம்பி வாழ்ந்த குடும்பம், மீன் இல்லாத நாளில் தனக்குத்தானே செய்துகொண்ட மாற்று அது. அதே குழம்பை எனக்காகத் தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு வைத்து, இரண்டு சட்டிகளையும் ஒன்றாக நடுவில் வைத்தார். நான் மறுபடியும் பந்தியில் உட்கார்ந்தேன்.

சமையற்காரியாக எனக்குப் பிடிபட்ட ஒன்று உண்டு. ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு சோம்பு, பட்டை, கிராம்பு, கசகசா, வதக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு. இதில் எதுவும் உயிரை எடுத்து வந்ததில்லை. மிச்சம் இருப்பது இரண்டு: பல்லுக்கு வேண்டிய மெல்லும் பதம், நாக்கில் தங்குகிற ஒரு ஆழ்ந்த சுவை. அந்த ஆழ்ந்த சுவையை 1908-ல் ஜப்பானைச் சேர்ந்த கிகுனாயே இகேடா என்ற வேதியியல் அறிஞர் பிரித்துக் காட்டினார். உமாமி என்று பெயரிட்டார். அவர் அதைப் பிரித்தெடுத்தது மாமிசத்திலிருந்து இல்லை, கடற்பாசியிலிருந்து. பழுத்த தக்காளியிலும் காளானிலும்கூட அது இருக்கிறது. காளானைத் தண்ணீர் சுண்டும்வரை வதக்கிப் பாருங்கள், புரியும்.

மெல்லும் பதத்துக்குத்தான் மீல்மேக்கர். அது ஒரு கம்பெனி வைத்த பெயர், நம் ஊரில் பொருளுக்கே பெயராகிவிட்டது. சோயாவில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவை ஈரப்படுத்தி, அதிகச் சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சு வழியே தள்ளுவார்கள். வெளியே வரும்போது அழுத்தம் சட்டென்று விடுபட, உள்ளே நார் நாராகவும் பஞ்சு போலவும் பொரிந்துவிடும். 1960-களில் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் இதைப் பெருமளவில் கொண்டுவந்தது. நிறையப் பேர் பிடிக்கவில்லை என்று ஒதுக்குவதற்குக் காரணம் செய்முறைதான். உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி, மறுபடி ஒட்டப் பிழிய வேண்டும். பழைய தண்ணீர் வெளியே போனால்தான் மசாலா உள்ளே போகும். அவசரப்பட்டால் சோயா வாடைதான் முன்னால் நிற்கும்.

மாற்று உணவு என்றால் ஏதோ புதிய நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். சீனத்துப் பௌத்த மடங்களில் கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவி, எஞ்சும் இழுவையான புரதத்தைக் கறிபோலச் சமைப்பது பல நூற்றாண்டு வழக்கம். வங்காளத்தில் பலாக்காய்க்கு மர ஆடு என்று பொருள்படும் பெயரே உண்டு. நம் வீடுகளில் பச்சைப்பயறை ஊறவைத்து, சோம்பும் மிளகாயும் சேர்த்து அரைத்து, இட்லித் தட்டில் வேகவைத்துத் துண்டு போட்டால் சைவ ஈரல். கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டிருப்பீர்கள். பர்மாவில் மொய்ங்கா என்ற நூடுல்ஸ் சூப்பை மீன் சாறு விட்டுச் செய்வார்கள். இங்கே அத்தோவோடு வாழைத்தண்டு சூப் தருகிறார்கள்.

எல்லாச் சைவர்களுக்கும் இது பிடிக்காது. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏழுகிணறிலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் சாப்பாடு வாங்குகிறார், வள்ளலாரின் சன்மார்க்க வழியில் நடப்பவர். வள்ளலார் அந்த வட்டாரத்தில் வீராசாமித் தெருவில் வாழ்ந்தவர், அங்கிருந்து திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்தே போய்வந்தவர். அந்தப் பெரியவர் சொன்னார்: "அம்மா, குழம்பு நல்லா இருக்கு. ஆனா மீன்னு பேர் வெச்சா மனசு அங்கதான் போகுது. அந்தப் பேரு வேணாம்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவருக்குப் போகும் டப்பாவின் மேல் வாழைக்காய்ப் புளிக்குழம்பு என்று எழுதுகிறேன். சட்டி ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியும். சௌகார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஜைன வீடுகளில் பூண்டு வெங்காயமே கிடையாது. அங்கே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

எனக்கும் ஓர் எல்லை இருக்கிறது. இம்பாசிபிள் ஃபுட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2016-ல் ஒரு பர்கர் கொண்டுவந்தது. சோயா வேரிலுள்ள ஒரு புரதத்தை ஈஸ்ட் மூலம் வளர்த்துச் சேர்ப்பதால் அது ரத்தம் போலச் சிவப்பாகக் கசிகிறது. படத்தில் பார்த்ததற்கே எனக்கு அந்த நண்டுக்கால் ஞாபகம் வந்துவிட்டது. என்னால் ஆகாது. ஆனால் கறியை விட நினைத்தும் விடமுடியாமல் தவிக்கிற ஒருவருக்கு அதுதான் படிக்கட்டு என்றால், அதில் அவர் ஏறட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

சிலர் உடம்புக்காகச் சாப்பிடுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ உள்ளவருக்கு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம். சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டால் வராது. உலர்ந்த மீல்மேக்கர் 30 கிராமில் சுமார் 15 கிராம் கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: பி12 வைட்டமின் தாவர உணவில் இல்லை, கம்பெனிக்காரர்கள் சேர்த்தால்தான் உண்டு. பொட்டலத்தில் வரும் தயார் வகைகளில் உப்பு அதிகமாக இருக்கலாம், பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவே சில மணி நேரம் விட வேண்டும்.

பிறவிச் சைவர்கள் ஏன் சாப்பிடுகிறார்கள் என்றும் கேட்பார்கள். என்னிடம் வாங்குகிற ஒரு கல்லூரிப் பெண் கறியின் ருசியே அறியாதவள். விடுதியில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பிரியாணி சாப்பிடும்போது தானும் பிரியாணி சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அவளைப் பார்க்கும்போதெல்லாம் தயிர்சோற்றோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னைத்தான் பார்க்கிறேன்.

ஆயா இப்போது இல்லை. போன தடைக்காலத்தில், படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த ஒரு சனிக்கிழமை, அம்மா போன் செய்தார். "வாழக்கா அஞ்சு வாங்கி வெச்சிருக்கேன். நைனாவும் அதான் கேக்குறாரு. நாளைக்கு வரும்போது மாங்கா ரெண்டு எடுத்தாந்துடு, இங்க கெடைக்கறதுல புளிப்பே இல்ல."